உன் படத்தில் இல்லாத சாம்பல் நிறம்

செல்லூர், மதுரை-2
22.8.2004

அன்பு மகன் விஜய்ஆனந்துக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க மீனாட்சியை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எப்போதும்போல எழுத இந்தத் தடவை கை வரவில்லை. போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறாள், அதனால்தான் கடிதம்.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் முடிந்தது என்று உன்னிடம் சொன்னேன் இல்லையா, முடியவில்லை தம்பி. வயிற்றைத் திறந்தவர்கள் முக்கால் மணி நேரத்தில் அப்படியே தைத்து வெளியே அனுப்பிவிட்டார்கள். கணையத்தில் இருக்கிற கட்டி பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிப் பிடித்திருக்கிறதாம், கை வைத்தால் மேஜையிலேயே உயிர் போய்விடுமாம். மூன்று மாதம், மிஞ்சிப்போனால் நாலு என்றார் டாக்டர். உன் தங்கை ஸ்வப்னா வாடிப்பட்டியிலிருந்து வந்து கூடவே இருக்கிறாள், அம்மா முன்னால் சிரித்துவிட்டுக் குழாயடியில் போய் அழுகிறாள்.

டாக்டர் ஆபரேஷனுக்கு முதலிலேயே தயங்கினார். நான்தான் உன் சிடியைக் கொண்டுபோய்க் காட்டிக் கெஞ்சினேன். ஸ்கேனில் வந்த அத்தனை துண்டுப் படத்தையும் கம்ப்யூட்டரில் அடுக்கி முழு வயிறாக்கி அனுப்பியிருந்தாயே, அதைத் தெருமுனை பிரவுசிங் சென்டரில் போட்டபோது அம்மாவே மவுஸைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். எம்புட்டு அழகா வச்சிருக்கான் பாருங்க, நெல்லிக்கா கணக்கா தனியா நிக்குது, கிள்ளி எடுத்திரலாம் என்றாள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் வீட்டில் டியூப்லைட்டுக்கு நேரே ஸ்கேன் ஃபிலிமைப் பிடித்தபோது அந்த ரத்தக்குழாயைச் சுற்றி மெல்லிசாகச் சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல் இருந்தது. உன் படத்தில் அது இல்லை. போனில் கேட்டதற்கு, மங்கலாக இருப்பதையெல்லாம் தூசி மாதிரி நினைத்துக் கழித்துவிட்டேன் அப்பா, அப்போதுதான் உள்ளே தெளிவாகத் தெரியும் என்றாய். முப்பத்தொரு வருஷம் எக்ஸ்ரே இருட்டறையில் ஃபிலிம் கழுவியவன் நான், நோய் முதலில் அப்படி மங்கலாகத்தான் வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் டாக்டரிடம் வாயைத் திறக்கவில்லை. மகன் அவ்வளவு பெரிய படிப்புப் படித்தவன், அவன் மிஷினுக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டேன். உன்னைக் குறை சொல்லவில்லை, நீ அம்மா பிழைக்க வேண்டும் என்றுதான் செய்தாய். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவன் நான்தான். இந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. கட்டியை எடுத்தாச்சு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் சோறு இறங்கவில்லை, இரண்டு வாய் கஞ்சியோடு சரி. எடுத்த பெறகு எப்படி இருக்குன்னு விஜயை ஒரு படம் போடச் சொல்லுங்க, ஒரு தடவை சுத்திப் பாத்துட்டா மனசு ஆறும் என்று தினமும் கேட்கிறாள். நேற்று ஸ்வப்னாவிடமும் கேட்டிருக்கிறாள்.

உனக்கு ஞாபகம் இருக்கும், தன் மகனின் நுரையீரல் ஃபிலிமில் இருந்த ஒரு புள்ளியை அழித்துத் தரச்சொல்லி வந்தவரை நான் விரட்டிவிட்டது. ஃபிலிமில் கை வைப்பவன் மனுஷனே இல்லை என்று கத்தினேன், நீ அதை ஸ்கூலில் எல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். இப்போது நானே கேட்கிறேன். அந்த மங்கலை எடுத்த மாதிரி அந்தக் கட்டியையும் எடுத்துவிட்டு ஒரு சிடி அனுப்பு. பழைய ஸ்கேன் என்று அவளுக்குத் தெரியாது.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே. லீவு கிடைத்தால் உடனே புறப்பட்டு வா, தீபாவளிவரை தள்ளிப்போடாதே. உனக்கு எங்கள் இருவர் ஆசியும் என்றும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே, படத்தின் ஓரத்தில் நாகமணி என்று அம்மா பெயரும் இந்த மாதத் தேதியும் போடு. அவள் முதலில் அதைத்தான் பார்ப்பாள், பார்க்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

உன் அப்பா,
ஹரிராம்