தூங்கும் குழந்தையின் வண்டிக்குள் கை விடுவோர் குறித்து

அனுப்புநர்:
சிசெல் வின்தர்,
செய்தியாளர் (மகப்பேறு விடுப்பில்),
9, மொல்லவை தெரு,
ஸ்கோவ்சுன்ட், டென்மார்க்.

பெறுநர்:
மேயர் உல்ரிக் டாம்கோர் அவர்கள்,
நகராட்சி மன்றம்,
ஸ்கோவ்சுன்ட்.

பொருள்: வணிகர் சங்கக் காவலாளிகள் கடைத்தெருவில் பணியாற்ற நகராட்சி அளித்த அனுமதியை ரத்து செய்யக் கோருதல் – என் ஏழு மாத மகள் தோராவின் வண்டியில் மார்ச் 3 அன்று நடந்ததைத் தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கு,

1. நான் இந்த ஊர்ப் பத்திரிகையில் இருபத்தோரு ஆண்டுகளாகச் செய்தியாளராக இருக்கிறேன். மன்றக் கூட்டங்களில் சன்னலோர நாற்காலியில் என்னைப் பார்த்திருப்பீர்கள். இம்மனுவைத் தோராவின் தாயாக எழுதுகிறேன். ஆனாலும் நான் கண்டதையும், என் காதால் கேட்டதையும், பிறர் சொன்னதையும் ஒன்றோடொன்று கலக்காமல் எழுத முயன்றிருக்கிறேன்.

2. குளிர்காற்றில் குழந்தை நன்றாகத் தூங்கும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். கடைக்குள் போகும்போது வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுப் போவோம். தாங்களும் அப்படி இந்தத் தெருவில் தூங்கியவராகத்தான் இருப்பீர்கள். தெருவில் போகிறவர்கள் வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். அறிமுகமில்லாத ஒருவர் வண்டிமேல் குனிந்தால், யாராவது ஒருவர் நின்று, "உங்க குழந்தையா?" என்று கேட்டுவிடுவார். அந்த வாசல்களில் இருந்த பாதுகாப்பு அது ஒன்றுதான். அதுவே போதுமானதாகவும் இருந்தது.

3. சென்ற இலையுதிர் காலத்தில் கடைகளில் பால்மாவு டப்பாக்களும் முகப்பூச்சுகளும் களவு போயின. இரண்டு முறை அவை குழந்தை வண்டிகளில் பிடிபட்டன என்பதை நான் மறுக்கவில்லை. அதன் பிறகு, வண்டியோடு வருவோர் வாசலிலேயே போர்வையை விலக்கிக் காட்ட வேண்டும் என்று கடைக்கதவுகளில் அறிவிப்பு ஒட்டினார்கள். வண்டியை வெளியே நிறுத்தியவர்களையும் சந்தேகம் விடவில்லை. களவுப் பொருளைக் கூட்டாளிகள் வெளியே நிற்கும் வண்டிகளில் ஒளிக்கிறார்கள் என்று சொல்லப்பட்டது. நவம்பரில் தங்கள் மன்றம் சங்கத்தின் காவலாளிகளுக்குத் தெருவைக் "கண்காணிக்க" அனுமதி வழங்கியது. நான் அப்போது விடுப்பில் இருந்தேன். அந்தக் கூட்டத்தில் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, காவலாளிகளின் மேலங்கி என்ன நிறம் என்பதுதான் என்று அங்கிருந்த என் சக செய்தியாளர் சொன்னார்.

கண்காணிப்பது வேறு, தொடுவது வேறு. தங்கள் அனுமதியில் தொடலாம் என்ற சொல் எங்கும் இல்லை.

4. ஒரே பருவத்தில் பிரசவித்த ஐந்து பேரைச் சுகாதாரச் செவிலி ஒரு தாய்மார் குழுவாகச் சேர்த்துவிட்டிருந்தார். அதில் நானும் ஹோதான் வர்சாமேயும் உண்டு. ஹோதான் பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவர். பெற்றோர் சோமாலியாவிலிருந்து வந்தவர்கள், அவர் பிறந்ததும் வளர்ந்ததும் இதே ஊர். டிசம்பரில் ஒரு காவலாளி அவருடைய வண்டியை ஈர நடைபாதையில் கவிழ்க்காத குறையாகக் காலி செய்தார். மாற்றுத் துணி, கம்பளித் தொப்பி, பாதி தின்ற வாழைப்பழம் எல்லாம் தரையில் கிடந்தன. குழந்தை இல்யாஸ் ஹோதானின் இடுப்பில் அழுதுகொண்டிருந்தான். வண்டியில் ஒரு பால்மாவு டப்பா இருந்தது.

"இதுக்கு பில் இருக்கா?"

"பாதி காலியான டப்பாவுக்கா? மீதிப் பாதிக்கு இவன் வயித்துலதான் பாக்கணும்."

"எங்க வேலையைத்தாங்க பாக்கறோம்."

இது ஹோதான் சொல்லி நான் அறிந்தது. மறுவாரம் குழுவாகக் காபி குடித்தபோது நாங்கள் நால்வரும் ஆளாளுக்கு வருத்தம் தெரிவித்தோம். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "என் வண்டியத் தொட்டுட்டாங்க. உங்க வண்டியத் தொட இன்னும் ஒரு மாசம் ஆகும், அவ்வளவுதான். காபி ஆறுது, குடிங்க." நாங்கள் சிரித்தோம். அன்றிலிருந்து ஹோதான் இல்யாஸை வாசலில் விடுவதில்லை.

5. அவர் சொன்ன கணக்குத் தப்பவில்லை. சனவரி முடிவதற்குள், கடையிலிருந்து வெளியே வந்தால் போர்வை நாங்கள் செருகாத விதமாகச் செருகப்பட்டிருந்தது. தலையணை நகர்ந்திருந்தது. தொடக்கத்தில் வழிப்போக்கர்கள் காவலாளிகளை நிறுத்திக் கேட்டார்கள். ஒரு பெண்மணி குடையால் தட்டிக்கூடக் கேட்டார். பிப்ரவரியில் யாரும் கேட்கவில்லை. மஞ்சள் மேலங்கி அணிந்த ஒருவர், தூங்கும் குழந்தையின் போர்வைக்குள் முழங்கை வரை கை விட்டு நிற்பது எங்கள் தெருவில் பழகிய காட்சியாகிவிட்டது.

தங்கள் பார்வைக்கு நான் கொண்டுவர விரும்புவது முக்கியமாக இதைத்தான். கீழே வருவது இதன் விளைவு.

6. மார்ச் 3, திங்கட்கிழமை. தோராவைத் தூங்கவைத்து, பேக்கரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வரிசையில் நின்றேன். சன்னலில் முந்தின நாள் நடந்த குழந்தைகள் மாறுவேடத் திருவிழாவின் காகிதப் பூனைகள் இன்னும் ஒட்டியிருந்ததால் வண்டியின் கைப்பிடி மட்டுமே தெரிந்தது. குழந்தையின் சத்தம் கேட்கும் கருவி ஒன்று வண்டியிலும் அதன் இணை என் கோட்டிலும் இருந்தன. அதில் ஓர் ஆணின் குரல் கேட்டது. மெதுவான, பொறுமையான குரல்.

"ஷ்ஷ்... ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல. தோராவா உன் பேரு? நல்ல பேரு. தூங்கு, தூங்கு."

அவள் பெயர் அவளுடைய ரப்பர் சூப்பானில் அச்சிடப்பட்டிருக்கிறது. அதைப் படித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு சிறிய உலோகச் சத்தம் கேட்டது. சற்று விட்டு இன்னொன்று. எனக்கு அப்போது வந்தது பயமல்ல, எரிச்சல். எனக்கு முன்னால் ஒருவர்தான் இருந்தார். வரிசையை விடாமல் ரொட்டியை வாங்கிக்கொண்டே வெளியே வந்தேன்.

ஐம்பது வயதை ஒட்டியவர், மழுங்கச் சவரம் செய்த முகம், மஞ்சள் மேலங்கி. என்னைக் கண்டு அவர் திடுக்கிடவில்லை. போர்வையை ஓரத்தில் செருகிவிட்டு நிமிர்ந்தார்.

"எல்லாம் சரியா இருக்குங்க. குழந்தை தங்கமா தூங்குது."

"தொடறதுக்கு முன்னாடி உள்ள வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சங்கத்துல புகார் கொடுக்கத்தான் போறேன்."

"தாராளமா கொடுங்க. எங்க பொழப்பு அப்படி."

வண்டியைப் படியிலிருந்து இறக்க முன்பக்கத்தை அவரே பிடித்துக்கொடுத்தார். நான் அவருக்கு நன்றியும் சொன்னேன்.

7. நேராகச் சதுக்கத்துக்கு அப்பால் உள்ள சங்க அலுவலகத்துக்குச் சென்று செயலர் கார்ஸ்டன் ஹெய் அவர்களிடம் புகார் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"சிசெல், எந்த ஆளைச் சொல்றே? திங்கட்கிழமை நம்ம ஆளுங்க யாரும் வர்றதில்லையே. கூட்டமே இருக்காது, எதுக்கு வரணும்?"

நான் தோராவைத் தூக்கினேன். அவள் எழுந்து உட்கார்ந்து வெளியே விழாமலிருக்க, வண்டியின் இரு பக்கங்களிலும் வாரைக் கொக்கி போட்டு மாட்டியிருப்போம். இரண்டு கொக்கிகளும் கழற்றப்பட்டிருந்தன. மாட்டியவள் நான். பால்மாவு டப்பாவைத் தேடுகிறவருக்குக் கொக்கிகளைக் கழற்றும் தேவை இல்லை. சூப்பானைக் காணவில்லை. கார்ஸ்டன் சிரிப்பை நிறுத்தினார். நாங்கள் திரும்பிப் பேக்கரிக்கு ஓடியபோது அங்கே யாரும் இல்லை.

8. எதிரே பூக்கடை வைத்திருப்பவர் சொன்னதை அவர் அனுமதியுடன் இங்கு எழுதுகிறேன்: "பாத்தேனே. ரொம்ப நேரம் குனிஞ்சு நின்னாரு. மஞ்சச் சட்டையப் பாத்ததும் செக்யூரிட்டின்னு விட்டுட்டேன். போன திங்கக்கிழமையும் வந்தாரே, அப்ப நீல வண்டி."

நீல வண்டி யாருடையது என்று இதுவரை எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாய்க்கும் தெரியாமல் இருக்கலாம்.

அன்றே காவல் துறைக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். பணியில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "காணாமப் போனது ஒரு சூப்பான் மட்டுந்தானேங்க?" என்று கேட்டார். அடையாளம் கேட்டபோது மஞ்சள் மேலங்கி என்றேன். "அந்தத் தெருவுல அது ஒரு அடையாளமாங்க?" என்றார். அவர் கேட்டது சரியான கேள்வி என்றே நினைக்கிறேன்.

9. நேற்று மீண்டும் திங்கட்கிழமை. ஒன்றைச் சரிபார்க்காமல் தங்களுக்கு எழுதக் கூடாது என்று எண்ணினேன். அதை ஹோதானிடம் சொன்னேன். அவர் இல்யாஸின் தொப்பியைச் சரிசெய்தார். பிறகு, "என் பையனை வெச்சுப் பாரு. நான் பக்கத்துலயே இருப்பேன். ஆனா ரெண்டு நிமிஷத்துக்கு மேல வேணாம்," என்றார்.

இரும்புக்கடையில் மஞ்சள் மேலங்கி ஒன்று வாங்கி அணிந்துகொண்டேன். எதற்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை. பேக்கரி வாசலில் நின்ற இல்யாஸின் வண்டிமேல் குனிந்தேன். போர்வையை விலக்கினேன். கொக்கிகளைக் கழற்றினேன். அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, காலி வண்டியை அப்படியே விட்டுவிட்டு, தெருமுனை வரை நடந்தேன். தெருவில் ஆட்கள் இருந்தார்கள். இருவர் எனக்கு வழிவிட்டார்கள். பூக்கடைக்காரர் பார்த்துவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார். முனையில் நாயோடு வந்த ஒரு பெரியவர், கையில் குழந்தையோடு நின்ற என்னைப் பார்த்துப் புன்னகை செய்து கேட்டார்:

"என்ன, இன்னைக்கு ஏதாவது மாட்டுச்சா?"

பேக்கரிக்குள்ளிருந்து ஓடிவந்த ஹோதான் என்னிடமிருந்து மகனை வாங்கிக்கொண்டார். நான் மேலங்கியைக் கழற்றினேன்.

10. எனவே, காவலாளிகளுக்கு அளித்த அனுமதியைத் தாங்கள் உடனடியாக ரத்து செய்ய வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். கடைகளுக்குள் அவர்கள் நிற்கட்டும். தெருவில் நிற்கும் வண்டியைத் தாய் தந்தையைத் தவிர வேறு எவரும், எந்த அங்கி அணிந்திருந்தாலும், தொடக்கூடாது என்று நகராட்சியின் பெயரில் ஒவ்வொரு வாசலிலும் எழுதி ஒட்ட வேண்டும். அதைவிட முக்கியமாக, இந்த ஊர் மக்கள் கேட்பதை நிறுத்திவிட்ட கேள்வியை மறுபடி கேட்கும்படி தாங்களே அவர்களிடம் சொல்ல வேண்டும். "உங்க குழந்தையா?" என்று கேட்பது அவமதிப்பு ஆகாது என்று சொல்ல வேண்டும். எங்களைத் திருடர்களாகப் பார்த்த நாள்முதல் எல்லோரும் போர்வைக்கு அடியில் பொருளைத்தான் தேடுகிறார்கள். அதன் மேல் தூங்கும் குழந்தையை யாரும் பார்ப்பதில்லை.

தோரா இப்போது சன்னல்களைச் சாத்திய அறையில் தூங்குகிறாள்; அரைகுறையாகத் தூங்குகிறாள். அவள் பெயரைத் தெரிந்த ஒருவர் இந்த ஊரில் நடமாடுகிறார். அந்தப் பெயர் அச்சிட்ட சூப்பானும் அவரிடம் இருக்கிறது. அடுத்த திங்கட்கிழமைக்கு முன் தங்கள் உத்தரவை எதிர்பார்க்கிறேன்.

இடம்: ஸ்கோவ்சுன்ட்
நாள்: 11.03.2025

இப்படிக்கு,
(கையொப்பம்)
சிசெல் வின்தர்

மேலே பத்தி 4, 9 இரண்டும் உண்மை எனச் சான்றளிக்கிறேன்:
(கையொப்பம்)
ஹோதான் வர்சாமே