இரண்டாவது கொப்பி

போன செவ்வாய்க்கிழமை வகுப்பறை அலுமாரியில் வெள்ளைத்தாள் தேடியபோது, வகுப்புக்கு வருகிறவர்கள் கையெழுத்து வைக்கும் பழைய வரவுக் கொப்பி கையில் அகப்பட்டது. முதுகு பிரிந்துபோன கொப்பி. காயத்துக்குப் போடும் பிளாஸ்டரால் நீங்கள் ஒட்டி வைத்திருந்தீர்கள். அந்த மணம் இன்னும் போகவில்லை. புரட்டிக்கொண்டு போனபோது ஒரு பக்கத்தில், ஏழாவது வரியில், என் கையெழுத்தைக் கண்டேன். வாலை நீட்டி, பெரிய மனிசன் மாதிரி வைத்த கையெழுத்து. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடத்தான் முதலில் நினைத்தேன். நீங்கள் மௌத்தாகி ஒன்பது மாதமாகிறது, இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று. ஆனால் கை வரவில்லை. அந்தக் கையெழுத்தைப் பற்றி உங்களிடம் நான் சொல்லாமல் விட்டதை இந்தக் கடிதத்தில் எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டு வருஷம் நீங்கள் மனநலக் கிளினிக்கில் தாதி, நான் மருந்துக் கவுண்டரில் மருந்தாளர். இடையில் ஒரு சுவர்தான். கிண்ணியாவில் இருந்து ஸ்கூட்டியில் பாலம் தாண்டி வந்து, எனக்கு முதலே கதவைத் திறந்துவிடுவீர்கள். மாதத்துக்கு ஒரு புதன்கிழமை மருந்துப் பகுதிக்காரரையும் மனநலப் பகுதிக்காரரையும் ஒரே அறையில் இருத்திப் படிப்பிக்க வேண்டும் என்று பெரிய டொக்டரிடம் போய் நின்றது நீங்கள்தான். "காலாவதியான மருந்த எறியிறம். காலாவதியான படிப்ப மட்டும் பத்திரமா வெச்சிருக்கம்" என்று சொல்வீர்கள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், ஆனால் எனக்கு உள்ளுக்குள் எரியும். மருந்தைப் பற்றி ஒரு தாதி எனக்கு வகுப்பெடுப்பதா என்ற எண்ணம். அதை வாயால் சொன்னதில்லை. தேத்தண்ணியோடு தின்னக் கொடுக்கும் ரோல்ஸை வைத்து, உங்கள் வகுப்புக்கு ‘ரோல்ஸ் வகுப்பு’ என்று பட்டம் வைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் மருந்துப் பகுதி ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது, உங்களுக்கும் அது அரைகுறையாகத் தெரிந்திருக்கும். வரவுக் கொப்பியில் கையெழுத்து வைத்துவிட்டுப் பின்கதவால் நழுவுவது. சான்றிதழ் கையெழுத்தைப் பார்த்துத்தானே வருகிறது. ஏழாவது வரியில் கையெழுத்து வைத்த அந்தப் புதன்கிழமை நானும் அதைத்தான் செய்தேன். இரண்டு ரோல்ஸைக் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஆஸ்பத்திரி வாசலில், டவுனுக்குள் திரியும் மான்கள் இரண்டு குப்பையைக் கிளறிக்கொண்டு நின்றன, ஒன்றுக்கு அரை ரோல்ஸ் போட்டேன். பிறகு துறைமுகப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் போய்க் குந்தி, வெளியே நங்கூரம் போட்டிருந்த கப்பலைப் பார்த்தபடி ஒன்றரை மணி நேரத்தைக் கழித்தேன். அவசர வேலை ஒன்றும் இருக்கவில்லை. உங்கள் முன்னால் மாணவன் மாதிரி இருக்க எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான்.

அன்று நீங்கள் என்ன படிப்பித்தீர்கள் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு கொப்பி வைத்திருப்பவர்களைப் பற்றி. பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் ஒரு கிளினிக் கொப்பி, மனநலக் கிளினிக்குக்கு வேறொரு கொப்பி. முதலாவதை எல்லாரும் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். இரண்டாவதை வெட்கத்தில் ஒளித்து வைப்பார்கள். மீன்பிடிக் கிராமமான சல்லியில் ஒருவர் அதை அரிசி வாளிக்குள் வைத்திருக்கிறார் என்று நீங்கள் முன்பொருநாள் எனக்குச் சொன்னதும் உண்டு. அதனால் கவுண்டரில் நிற்பவர்தான் குரலைத் தாழ்த்தி, ‘வேறு கொப்பி ஏதும் இருக்கிறதா’ என்று ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். முக்கியமாக, மனநிலை தளம்பாமல் இருக்க லிதியம் எடுப்பவர்களை. நோவுக்குக் கொடுக்கும் சாதாரணக் குளிசையே அவர்களுடைய இரத்தத்தில் லிதியத்தை நஞ்சாகும் அளவுக்கு ஏற்றிவிடும், வெயிலில் வேர்த்துத் தொழில் செய்பவர்களுக்கு இன்னும் மோசம். எல்லாம் நான் படித்ததுதான். முப்பது வருஷத்துக்கு முதல் படித்தது.

பதினொரு நாள் கழித்து அவர் வந்தார். அரிசி வாளிக்காரர்தான் அவர் என்று எனக்குத் தெரியாது. வலை இழுத்து நாரி பிடித்துவிட்டது, இடுப்பை நிமிர்த்த ஏலாது என்றார். வெளிநோயாளர் டொக்டருக்கும் ஒரு கொப்பியைத்தான் காட்டியிருக்கிறார், அவரும் நோக்குளிசை எழுதிவிட்டார். நான் எண்ணிப் பையில் போட்டேன்.

"இதைப் போட்டா நித்திரை வருமோ ஐயா? கடலுக்குப் போறனான்" என்று கேட்டார்.

"வராது. சாப்பிட்டிட்டுப் போடுங்கோ."

அந்தக் கேள்விக்குப் பின்னால் வேறு மருந்து இருக்கிறது என்று உங்களுக்கென்றால் பட்டிருக்கும். எனக்குப் படவில்லை. பின்னால் வரிசை நீண்டிருந்தது, அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அந்தக் குளிசையைப் போட்ட சில நாளில் அவருக்குக் கை நடுங்கி, சத்தியெடுத்து, காலெல்லாம் தள்ளாடியபோது கூடத் தொழில் செய்பவர்கள் அவர் பழையபடி குடிக்கத் தொடங்கிவிட்டார் என்று நினைத்தார்கள். வீட்டில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். மனைவியும் அப்படித்தான் நினைத்து, விடிய விடிய ஏசியிருக்கிறார். இரண்டு நாள் அப்படியே போய்விட்டது. கொண்டுவந்தபோது நாக்குப் புரளவில்லை. பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றினோம், ஐந்தாம் நாள் சாவு.

லிதியம் ஏறிக் கிடந்தது என்று இரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று நீங்கள் என் கவுண்டருக்குள் வந்தீர்கள். கையில் அவருடைய இரண்டாவது கொப்பி. உங்கள் எழுத்தில் ஒவ்வொரு மாதமும் ‘லிதியம், ஒழுங்காக எடுக்கிறார், குடி இல்லை’ என்று இருந்தது. நீங்கள் என்மேல் சத்தம் போடுவீர்கள் என்று நினைத்தேன். போட்டிருக்கலாம். நீங்களோ குரலே இல்லாமல் கேட்டீர்கள்.

"அன்டைக்கு வகுப்புல இதத்தானே சொன்னன். நான் வடிவா சொல்லித் தரல்லையா?"

நான் அன்று இருக்கவில்லை என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் விசாரணை வரும், வரவுக் கொப்பியில் கையெழுத்து இருக்கிறது, பென்ஷனுக்கு ஆறு வருஷம்தான் என்றெல்லாம் எனக்குள் ஓடியது.

"சொன்னனீங்கள் மிஸ். கொஞ்சம் அவசரமாச் சொல்லிப்போட்டீங்கள். எனக்கு முழுக்கப் பிடிபடேல்ல" என்றேன்.

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். கொப்பியில் என் கையெழுத்தும் இருந்தது, நான் சொன்னதை அப்படியே நம்பினீர்கள். என் வாழ்க்கையில் நான் செய்த அசிங்கமான வேலை அதுதான். குளிசை கொடுத்ததை ஒரு பிழை என்று சொல்லலாம், இதை அப்படிச் சொல்ல ஏலாது.

விசாரணை பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நோயாளி மற்றக் கொப்பியைக் காட்டவில்லை என்று எழுதி ஃபைலை மூடினார்கள். நீங்கள்தான் மூடவில்லை. அதே பாடத்தை அடுத்த மூன்று மாதமும் எடுத்தீர்கள். ஆட்கள் முணுமுணுத்தார்கள், இது என்ன, தேய்ந்த பாட்டு றெக்கோட்டா என்று. நான் முன்வரிசையில் இருந்து ஒரு சொல் விடாமல் எழுதினேன். ஒவ்வொரு பகுதி முடியவும் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்து, "விளங்கினதா?" என்று கேட்பீர்கள். மற்ற யாரையும் அப்படிக் கேட்டதில்லை. விளங்கியது என்று தலையாட்டுவேன். உங்கள் பேச்சு மெதுவாகிப் போனது அந்த மாதங்களில்தான். முந்தின பகிடி ஒன்றும் பிறகு உங்கள் வாயில் வரவில்லை.

வருத்தம் வந்து நீங்கள் லீவில் நின்றபோது ஒருமுறை கிண்ணியாவுக்கு வந்தேன். எலும்பும் தோலுமாகக் கட்டிலில் இருந்தீர்கள். சொல்லத்தான் வந்தனான், சத்தியமாக. உங்கள் மகள் தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனதும் வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்கள், இனி வகுப்பை நான்தான் எடுக்க வேண்டும், அந்தப் பாடம் எனக்குத்தான் நல்லாகத் தெரியும் என்றீர்கள். அதற்குப் பிறகு என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்த மாதம் ஒருநாள் காலையில் உங்கள் மௌத்துச் செய்தி வந்தது. நான் வந்து சேர முதலே அடக்கிவிட்டார்கள். மையவாடியில் இருந்து திரும்பிய ஆண்களை ரோட்டில் சந்தித்து, அவர்களோடு நடந்து வந்தேன்.

இப்போது வகுப்பை நான் எடுக்கிறேன். கவுண்டரில் வருகிறவர்கள் எல்லாரையும் அந்தக் கேள்வி கேட்கிறேன். இன்று, வியாழக்கிழமை, அந்தச் சல்லிக்காரரின் மனைவி பிரஷர் மருந்துக்கு வந்தார். வழக்கமாக வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், அங்கே மருந்து முடிந்துவிட்டதாம். குனிந்தபடி அவரையும் கேட்டேன், வேறு கொப்பி இருக்கிறதா என்று. நிமிர்ந்த பிறகுதான் ஆளைத் தெரிந்தது, புருஷனைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிய அன்று கூட நின்றவர்.

"எனக்கில்லை. அவருக்குத்தான் இருந்தது" என்றார்.

அன்றைக்கு மருந்து கொடுத்தது நான்தான் என்றேன். தெரியும் என்றார். செத்த வீட்டுக்கு நீங்கள் தனியாகப் போயிருக்கிறீர்கள். எனக்கு அது தெரியாது.

"மிஸ் என்ர கையைப் பிடிச்சு அழுதவ. மருந்து குடுத்தவரைக் கோவிக்க வேண்டாமாம். தான் படிப்பிச்சது பிழையாம், அவருக்கு விளங்கேல்லையாம். என்னட்ட மன்னிப்புக் கேட்டவ" என்றார்.

வரிசையில் ஆட்கள் நின்றார்கள், அவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"மிஸ்ஸில பிழையில்லையம்மா. நான் அண்டைக்கு வகுப்பில இருக்கேல்ல. கையெழுத்து வச்சிட்டு வெளிய போனனான்" என்றேன்.

மருந்துப் பையை எடுக்க நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார்.

"இது மிஸ்ஸுக்குத் தெரியுமோ?"

தெரியாது என்றேன்.

"அப்ப அவ தன்ர பிழையெண்டு நினைச்சுக்கொண்டோ போனவ?"

பதிலுக்கு நிற்கவில்லை. திரும்பி நடந்து போய்விட்டார். எண்ணி வைத்த மருந்து கவுண்டரிலேயே கிடந்தது.

அந்தப் பை இப்போது என் மேசையில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கான பிரஷர் குளிசை. அவர் இனி என் முகத்தில் முழிக்க வரமாட்டார், குளிசை போடாமல் இருக்கவும் ஏலாது. விடிந்ததும் சல்லிக்குப் போய்க் கொடுக்க வேண்டும். ஏசினால் நின்று கேட்க வேண்டும். உங்களிடம் கேட்டிருக்க வேண்டிய ஏச்சு அது.