கதிர் இலையான வருடம்

அக்கா, இன்று பாப்பாரப்பட்டிச் சந்தையில் ஒருத்தி மாட்டுக்குக் கம்பந்தட்டு விற்றுக்கொண்டிருந்தாள். கட்டுக்குள் ஒரு கதிர். மணி இருக்க வேண்டிய இடமெல்லாம் சின்னச் சின்ன இலை. உன் ஞாபகம் வந்து, வாங்கப் போன வெங்காயத்தையும் மறந்து வீடு திரும்பிவிட்டேன்.

பாசிக்கு உறவான ஏதோ பூஞ்சணம் செய்கிற வேலையாம், மண்ணிலேயே வருசக்கணக்கில் கிடக்குமாம். விவசாய ஆபீசில் இருக்கும் என் மகன் சொல்கிறான். நமக்கு அப்போது என்ன தெரியும்? பனி விழுந்த ஒரு காலையில், இலைக்கு அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நீதான் தொட்டுக் காட்டினாய். பிறகு நம் கம்பங்காடு முழுக்கக் கதிர் இலையாகிப் போனது.

யுத்த காலம். அரிசி கண்ணில் படாது; கம்பு விளையும் வீட்டுக்குத்தான் மதிப்பு. உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கையோடு காட்டையும் பார்க்க வேண்டும் என்றார்கள். வரப்பில் நின்று பார்த்தால் ஒரே பச்சை.

"பயிரு நல்லாத்தான் நிக்குதுங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"இன்னும் பால் புடிக்கலீங்க" என்று அப்பா சமாளித்தார்.

நீ சும்மா இருந்திருக்கலாம். இருந்தாயா? "அது கதிரில்லீங்க, வெறும் இலை. இந்த வருசம் ஒரு மொறம் கம்பு கூடத் தேறாதுங்க" என்றாய். அவர்கள் தாம்பூலம் எடுக்காமல் வண்டி ஏறினார்கள். நான் அழுதபோது, "கட்டிக்கிட்டுப் போன பின்னாடி தெரிஞ்சா என்னையில்ல புள்ள கேப்பாங்க?" என்றாய்.

வாயாடி என்று பேர் கட்டிவிட்டார்கள் உனக்கு. சில மாதத்திலேயே தொப்பூர்ப் பக்கம் உன்னை இரண்டாம் தாரமாகக் கொடுத்தார் அப்பா. அந்த மனிதரை அப்பாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி என்பார்கள்.

அடுத்த அறுப்பு முடிந்ததும் அதே வீட்டார் மறுபடி வந்தார்கள். காட்டுப் பக்கமே போகவில்லை. "மறைக்காம சொன்னாளே, அவளையே கேக்கலாம்னுதாங்க இருந்தோம். அந்த வருசம் எங்களுக்கும் வெளச்சல் இல்ல, அதான் தள்ளிப் போட்டோம். அதுக்குள்ள குடுத்துட்டீங்க. சின்னவளையாவது குடுங்க" என்றார் அந்த அம்மா. ஊருக்கு வந்திருந்த நீ, உள்ளே எனக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாய். உன் கை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, "தலைய ஆட்டாத புள்ள, பூ நழுவுது" என்றாய்.

நீ கண்ணை மூடிய பிறகும் இது என் நெஞ்சை விட்டு இறங்கவில்லை. உன்னைப் பார்க்க வந்த, ஒரு நாள் கூட என்னைக் கடிந்து பேசாத மனிதரோடு வாழ்ந்துவிட்டேன். அவர் நல்லவர் அக்கா. அதைத்தான் உன்னிடம் சொல்ல எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.