சட்டைப் பையில் ஓர் ஊசி

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேடையில் மூடியிருக்கிறது. நாலு மணிக்கு வைட்டமின் டிரிப் ஏற்ற நர்ஸ் வருவார். கட்டில்மேல் கிடக்கும் துணிகளை எடுத்துவிடுங்கள்.

"மூணு பாட்டில் ஏத்தினா விந்தணு தன்னால கூடும், நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று நேற்று கேட்டீர்கள். கோபமில்லை, அலுப்புதான். குழந்தை எனக்கும் வேண்டும். ஆனால் விந்தணு குறைந்ததற்குக் காரணம் தேடி டாக்டர், "பூச்சிமருந்து அடிக்கிற வேலையா?" என்று கேட்டபோது, "சும்மா தோட்ட வேலைதாங்க" என்றீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று வேலை முடிந்ததும் அவரைப் பார்த்து உள்ளதைச் சொல்லிவிட்டுத்தான் வருவேன். திட்டுவதானால் வந்தபின் திட்டுங்கள்.

மருந்தடிக்கும் சட்டையைத் தனியாகத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன்.

பி.கு. மருந்தடிக்கும் ஸ்பிரேயரின் முனை நாசில் அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதுகிறீர்களாமே. உங்கள் கூட்டாளி என்னவோ பெரிய வித்தை மாதிரிச் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சட்டைப் பையில் ஓர் ஊசி குத்தி வைத்திருக்கிறேன். இனி அடைப்பை அதைக் கொண்டு எடுங்கள்.

டிரிப்பை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஏற்றிக்கொள்ளுங்கள். நர்ஸ் குத்தும் ஊசியை நம்புகிற அளவுக்கு நான் குத்தி வைத்ததையும் கொஞ்சம் நம்புங்கள்.