ஏழாவது நிமிடம்

ஜூன் 8, ஞாயிறு

இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குப் பாதகமாக இருந்தாலும் விடமாட்டேன்.

பேச்சுப் போட்டிக்கு எழுதியவள் நான். மேடையேறப் போகிறவள் அக்கா. "உனக்குப் பேனா, அவளுக்கு மேடை" என்று ஆசிரியை பங்கு பிரித்துவிட்டார். என் வரிகளை அக்கா சொல்லும்போது அவை அவளுடையவை போலவே இருக்கின்றன. அதுதான் தாங்கவில்லை.

எங்கள் இருவருக்கும் அப்பாவின் சுருட்டை முடி. சீப்பு உள்ளே போனால் ஆளனுப்பித் தேட வேண்டும். மேடைக்காக அக்கா டெக்ஸ்சரைசர் வாங்கி வந்தாள். முடியை நேராக்காமல் சுருளை மட்டும் தளர்த்தும் கிரீம். அம்மா கையுறை போட்டு முன்பக்கத்திலிருந்து தடவிக்கொண்டே போனாள். குளியலறை வாசலில் கடிகாரத்தோடு நான். டப்பாவில் போட்டிருந்தபடி பதினைந்து நிமிடம் வைத்து அலசினோம். முன்பக்கம் அலையலையாக இறங்கியது. உச்சியும் பின்னந்தலையும் அசையவே இல்லை.

ஜூன் 9

நேற்று எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. பதினைந்து இல்லை. ஏழு.

அக்கா தலை நிறையக் கிரீமோடு கண்ணாடி முன் நின்று என் முதல் வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோலத்திலும் நன்றாக இருந்தாள். "ஆச்சாடி?" என்றாள். ஆச்சு என்றேன். யோசித்துச் சொல்லவில்லை — யோசிக்காமலும் சொல்லவில்லை.

பாதி வேலையில் கொத்தனார் ஓடிவிட்டாரா என்று வகுப்பில் அவளைக் கேட்டார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 12

அம்மா எங்கள் இருவரையும் பார்லருக்கு அழைத்துப்போனாள். பார்லர்காரம்மா உச்சியில் ஒரு முடியை நனைத்து, இழுத்துப் பார்த்துவிட்டு, எத்தனை நிமிடம் வைத்தீர்கள் என்று கேட்டார்.

"பதினஞ்சு. என் தங்கச்சிதான் டைம் பாத்தா. அவ கணக்குல தப்பே வராது."

பெருமையாகச் சொன்னாள். என்னைப் பற்றி.

அப்படியானால் இது முரட்டு முடி, தலைத்தோல் ஆற இரண்டு வாரம் விட்டு, இதைவிடக் கடுமையான கிரீம் போட வேண்டும் என்றார் அந்தம்மா.

ஜூன் 20

இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 28

மறுபடியும் பார்லர். ஏற்கெனவே தளர்ந்த முடியில் மருந்து படாதபடி பார்லர்காரம்மா வாஸ்லைன் தடவினார். கடுமையான டப்பாவைத் திறந்தார். நெடியில் கண் எரிந்தது.

ஏழு நிமிடம்தான் வைத்தோம் என்றேன். யார் காதிலும் விழவில்லை. மறுபடியும் சொன்னேன்.

அவர் டப்பாவை மூடினார். "இதைப் போட்டிருந்தா முடி கையோட வந்திருக்கும்மா" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

அக்கா திரும்பவில்லை. கண்ணாடி வழியாகவே கேட்டாள்.

"தெரிஞ்சேவா சொன்னே?"

"தெரிஞ்சுதான்."

"ஏன்?"

"நீ நல்லா பேசறே. அதான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பழைய மென்மையான கிரீமையே எடுத்தார். காதுக்குப் பின்னால் ஒரே ஒரு கொத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, இறங்காத இடங்களில் மட்டும் தடவினார். நேரத்தையும் அவரே பார்த்துக்கொண்டார். காய்ந்ததும் தலை முழுவதும் ஒரே அலை. என் கை என் தலைக்குப் போனது. அப்போதும் பொறாமை! என்ன பிறவி நான்?

ஜூன் 29

என் பேச்சு நான்காக மடித்து என் மேசைக்கே திரும்பி வந்துவிட்டது. அவளே எழுதிக்கொள்கிறாளாம்.

ஜூலை 2

இருவரும் படுப்பது ஒரே அறையில். மூன்று நாளில் அக்கா என்னிடம் பேசியது: "நகரு."

ஜூலை 5, பள்ளி அரங்கு

மேடையின் பக்கவாட்டுப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். சற்று முன் அக்கா வந்து, தான் எழுதிய பேச்சு, இரண்டு தாளை என் மடியில் போட்டாள்.

"நடுவுல மறந்துட்டேன்னா எடுத்துக் குடு."

"நானா?"

"வேற யாரு இருக்கா? கோவம் போயிடுச்சுன்னு நெனச்சுக்காதே."

படித்தேன். ஐந்தாவது வரி என்னுடைய எந்த வரியைவிடவும் நன்றாக இருக்கிறது. எனக்கு அது தோன்றியிருக்காது. வயிறு எரிகிறது, அதையும் எழுதிவைக்கிறேன்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். முதல் வரியின் மேல் விரலை வைத்திருக்கிறேன். மேடையில் மட்டும் வெளிச்சம் இருக்கிறது; தாளை வாசிக்க அது போதும். அரங்கின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.