மாடியில் கீதா, வலைக்குள் மோகன்

ஜூலை 4, வியாழன்
வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். மருந்து தோய்த்த கொசுவலை கொடுக்கும் வேலைக்கு நான் பேர் கொடுத்தது சேவைக்காக இல்லை. இரண்டு பேருக்கு ஒரு வலை என்பதால் வீடு வீடாகப் போய், யார் எங்கே, யாரோடு படுக்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். இருபது வருஷமாக நான் கேட்டுக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட கேள்வி! இப்போது கேட்டால் மோர் கொடுத்துப் பதில் சொல்கிறார்கள்.

ஜூலை 8, திங்கள்
செங்கல் சூளையில் இரண்டு பேருக்கு மலேரியா. கர்ப்பிணிகள் வலைக்குள் படுக்கிறார்களா என்று பார்க்கச் சொன்னாள் நர்ஸ் ஜெனிஃபர். தாய்க்கு வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்தாம். எங்கள் தெருவில் கர்ப்பிணி, கீதா ஒருத்திதான். போனால் — அவள் பாய் மொட்டைமாடியில், வலை இல்லாமல். கீழே நான் கொடுத்த வலைக்குள் படுப்பது புருஷன் மோகன்! ஏன்? கேட்டேன். மோர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போய்விட்டாள்.

ஜூலை 9, செவ்வாய்
மோகனுக்கும் கீதாவுக்கும் சண்டை என்று கடையில் சொன்னேன். ஒருத்தரிடம்தான்.

ஜூலை 13, சனி
மோகன் வழிமறித்தான்.
"இன்னாக்கா, பொண்டாட்டிய மாடிக்குத் தொரத்திட்டேன்னு சொல்லிக்கினு கீறியாமே? வலயப் பிரிச்சிக் கட்டனதுலேருந்து அந்த நாத்தம் அவளுக்குக் கொமட்டுதுக்கா. அவளேதான் மேல பூட்டா."
சுருக்கென்றது. பிரித்த வலையை ஒரு நாள் நிழலில் காயப்போட்டுவிட்டுத்தான் கட்ட வேண்டும் — கொடுக்கும்போது நான் சொல்ல வேண்டியிருந்தது அது ஒன்றுதான். வலை கொடுத்த அன்றைக்கு அவர்கள் வீட்டில் அரை மணி நேரம் எதைப் பேசினேன்? மோகன் தங்கச்சி ஏன் இன்னும் புருஷன் வூட்டுக்குப் போவலன்னு. என்னையே திட்டிக்கொண்டேன்: அடிப்பாவி சுலோச்சனா! இத்தனை நாளில் கீதாவ ஏதாவது கொசு கடிச்சிருந்தா?

ஜூலை 14, ஞாயிறு
காலையிலேயே அந்த வலையை அவிழ்த்து வந்து வேப்பமர நிழலில் விரித்தேன். மணிக்கொரு தரம் மோந்து பார்த்தேன். காலையில் மண்ணெண்ணெய்க்கும் புதுச் செருப்புக்கும் நடுவில் ஒரு வாசனை. சாயங்காலம் ஒன்றுமில்லை. வாசனை போனதா, என் மூக்கு போனதா? திரும்ப நானே கட்டிவிட்டு வந்தேன்.

ஜூலை 15, திங்கள்
கீதா இறங்கி வந்து வலைக்குள் படுத்தாளாம்! தெருவுக்கே சொல்லியாயிற்று.

ஜூலை 17, புதன்
ஜெனிஃபர் கீதாவின் விரலில் குத்தி ரத்தம் பார்த்தாள். மலேரியா இல்லை. அப்பாடா. நான் உடனே என் வேப்பமரக் கதையை எடுத்துவிட்டேன். "அதனாலதான் சிஸ்டர், இவளுக்குக் கொமட்டலே நின்னுச்சு."
கீதா சிரித்தாள். "அது எப்பவோ நின்னுட்ச்சிக்கா, அவருக்குத்தான் தெர்ல. வெள்ளிக்கெயமையே கருவாட்டுக் கொயம்பு ரெண்டு வாட்டி துன்னேன். காத்துக்காவ மாடில கெடந்தேன். நீ மெனக்கெட்டு கட்டிட்டுப் போனியேன்னுதான் எறங்கனேன்."
நான் வலையைக் காயப்போட்டது ஞாயிற்றுக்கிழமை.