தெங்கிரி வைத்த ரொட்டி

பவானி,

ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அப்படியே படுத்துவிடாதே. மேசையில் தட்டை மூடி வைத்திருக்கிறேன், திறந்து பார். ரொட்டிக்கு நடுவில் இருப்பது ஓவனில் சுட்ட தெங்கிரி. காலையில் கோலா சுங்கை பாரு போய்ப் படகிலிருந்து இறக்கும்போதே வாங்கிய மீன். முள்ளை நானேதான் எடுத்தேன், எதற்கும் பார்த்துச் சாப்பிடு. மிளகும் எலுமிச்சையும்தான் தடவினேன். மஞ்சள்தூளைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன்.

போன வாரம் நம் மகள் தேவிஸ்ரீ மலாக்கா டவுனுக்குக் கூட்டிப்போய் இதையேதான் வாங்கித் தந்தாள். நீ ஆசையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். நான்தான் கடைக்கே கேட்கிற மாதிரி, "சோறு இல்லாம இதெல்லாம் ஒரு சாப்பாடா லா?" என்றேன். நீ பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாய். அன்றிலிருந்து நீ என்னிடம் சரியாகப் பேசவில்லை. இன்றைக்காவது முழுசாகச் சாப்பிடு.

லோரியை எடுத்துக்கொண்டு செலண்டார் போகிறேன். திரும்பி வர எட்டு மணி ஆகும்.

பாலன்

இன்னொன்று. தீபாவளி பிஸ்கட் சுடுவதற்கு மட்டும் என்று நீ தனியாக வைத்திருக்கிற ஓவனில்தான் மீனைச் சுட்டேன். வேறு ஓவன் ஏது? வாடை போக எலுமிச்சைத் தோலை உள்ளே போட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். நாளைக்கு உன்னோடு நெய் பிஸ்கட் சுட வருகிற அன்னம்மா அக்காவிடம் சொல்லிவிடாதே. கோபத்தை என்மேல் காட்டு, தட்டின்மேல் காட்டாதே.

நானும் ஒன்று சாப்பிட்டேன். சோறு தேடவில்லை.